சக்கரத்தடியில் ஒரு கல்

நம் வயதுக்காரர்களிடம் ஒரு கேள்வி. முதன்முதலாக ஒரு காருக்குள் உட்கார்ந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கிறதா? பஸ்ஸைச் சொல்லவில்லை, லாரியில் மூட்டை மேல் ஏறிப்போனதையும் சொல்லவில்லை. கார். வெளியிலிருந்து யாரோ கதவைச் சாத்த, உள்ளே சட்டென்று சத்தம் அடங்கிப்போகுமே, அந்த நாள்.

எனக்கு நினைவிருக்கிறது. அதுவும் போன மாதத்திலிருந்து என் மகன் அதைத் தினமும் கிளறிக்கொண்டிருக்கிறான். பழைய கார் ஒன்று வாங்கப் போகிறானாம். கையில் பணம் கொஞ்சம், ஆசை மட்டும் நிறைய. சாப்பிடும்போதுகூடப் போனை நீட்டி, "இது எப்படிம்மா? அது எப்படிம்மா?" என்கிறான். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறேன். அங்கே வேலை ஒன்றும் இருக்காது. கழுவி வைத்த டம்ளரையே மறுபடி கழுவி வைத்துவிட்டு வருவேன். "கார் பேச்ச எடுத்தாலே உனக்கு ஏம்மா இருப்புக்கொள்ள மாட்டேங்குது?" என்று கேட்கிறான். அவனுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். நீங்களாவது பாதியில் போனைப் பார்க்கப் போக மாட்டீர்கள்.

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து நாலு மைல் உள்ளே. எழுபதுகளின் கடைசி, எனக்குப் பத்து வயது. மலைக்கு ஒரு நாளைக்கு இரண்டு பஸ். மழை பெய்தால் ஒன்று. நல்ல மழை என்றால் அதுவும் கிடையாது. பஸ் இல்லாத ஒரு நாளில்தான் அதற்கு முந்தைய வருஷம் அம்மாவுக்கு வலி எடுத்தது. டோலி கட்டினார்கள். நீள மூங்கிலில் போர்வையைத் தொட்டில் மாதிரி கட்டி, அதில் அம்மாவைப் படுக்க வைத்து, ஆட்கள் தோள் மாற்றி மாற்றிக் காட்டுப்பாதையில் இறக்கினார்கள். பாதி வழியில் எனக்கு ஒரு தங்கச்சி பிறந்தாள். அழாமலே போய்விட்டாள்.

அம்மா மறுபடி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த தை மாசத்தில், அப்பா உழவு மாட்டு ஜோடியை ஓட்டிக்கொண்டு கீழே போனார். வெறும் கயிற்றோடு திரும்பி வந்தார்.

"இன்னாங்க, மாடு எங்க?" என்று அம்மா கேட்டாள்.

"வித்துட்டேன். காரு வாங்கப் போறேன்."

அம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். அப்புறம் சொன்னாள். "காரு வேணாங்க. மழைக்கு முன்னாடியே என்னக் கீழ கொண்டும்போய் யாரு வூட்லயாவது வுட்ருங்க."

"எவன் வூட்டு வாசல்லயும் நீ போயி கெடக்க வேணாம். காரு வரும்."

கீழே போய்ப் பிரசவம் வரைக்கும் தங்க எங்களுக்கு அங்கே ஆள் இல்லை என்பது உண்மைதான். ஆனால் தேடியிருக்கலாம். இப்போது நினைத்தால் எரிச்சலாகத்தான் வருகிறது. ஒரு அறை வாடகைக்குப் பிடிக்க ஆகிற செலவு எங்கே, கார் எங்கே? தங்கச்சியைப் பறிகொடுத்த ஆத்திரத்தில் அப்பாவுக்குச் சின்னதாக எதையும் செய்யத் தோன்றவில்லை.

மாட்டுப் பணமும் அந்த வருஷப் புளிப் பணமும் சேர்ந்து ஆறாயிரத்துச் சொச்சம். அதற்குள் ஒரு கார். கார் பற்றித் தெரிந்தவர் எங்கள் வீட்டில் ஒருவர்தான், அம்மாவின் தம்பி, என் மாமா. கீழ்நாட்டில் லாரி கிளீனராக இருந்து, லைசென்ஸ் எடுத்து, முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு மலைக்குத் திரும்பி வந்தவர். பெல்பாட்டம் போடுவார். அவர்தான் டிரைவர் என்று முடிவானது.

கார் பார்க்க அப்பாவும் மாமாவும் போனார்கள். கூடவே நானும். எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் மாடு பிடிக்கப் போனால் மூத்த பெண்ணைக் கூட்டிக்கொண்டு போவது வழக்கம். பல் பார்ப்பது, சுழி பார்ப்பது, நடக்கவிட்டுப் பார்ப்பதெல்லாம் ஆம்பளைகள் வேலை. எல்லாம் பேசி முடிந்த பிறகு அந்தப் பெண் மாட்டின் மேல் கை வைக்க வேண்டும். வைத்தால் மாடு நம்முடையது. அவள் கையை எடுத்துக்கொண்டால், பயந்துகொண்டு வைக்காமல் நின்றால், அவ்வளவுதான், முன்பணம் கொடுத்திருந்தாலும் திரும்பி வந்துவிடுவார்கள். ஏன் என்று அவளை ஒருத்தரும் கேட்கக் கூடாது. அதுவும் வழக்கத்தில் சேர்த்தி. விற்றுப் போட்ட அந்த ஜோடி என் ஐந்து வயதில் நான் கை வைத்து வந்ததுதான். கார் மட்டும் என்ன, காசு கொடுத்து வாங்குகிற ஜீவன்தானே என்பது அப்பாவின் கணக்கு.

முதல் கார் செங்கத்தில், ஒரு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டிக்காரருடையது. கறுப்பு. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அப்பா அதன் முன்மூடியைத் தூக்கி மாட்டின் உதட்டை விலக்கிப் பார்ப்பது போல உள்ளே பார்த்தார். நாலு சக்கரத்தையும் குளம்பு மாதிரி தட்டினார். பிறகு தோளிலிருந்த துண்டை மண்டிக்காரர் கை மேல் போட்டு, அடியில் அவர் விரலைப் பிடித்தார், சந்தையில் விலை பேசுகிற மாதிரி. அந்த ஆள் கூச்சம் பொறுக்காமல் சிரித்துவிட்டார். "வாயால கேளுய்யா, சொல்றேன்" என்றார். சொன்னார். நாங்கள் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டோம்.

இரண்டாவது ஒரு ஜீப். அதுவும் செங்கம் பக்கம்தான், ரோடு போடுகிற கான்ட்ராக்டர் ஒருவர் வைத்திருந்தார். மேலே கித்தான் கிழிந்து தொங்கியது. பின்னால் உட்கார இரண்டு பக்கமும் இரும்புப் பலகை. நாலு பேர் தள்ளினால்தான் கிளம்பும். மாமா ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். "பாக்க அசிங்கமாத்தான் கீது. ஆனா மிதிச்சா மிதிச்ச எடத்துல நிக்குது மச்சான். வெலையும் நமக்குள்ளதான். முடிச்சிடு."

நான் பின்னால் உட்கார்ந்து வந்திருந்தேன். எனக்குப் பஸ்ஸே ஆகாது. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே போகிறவள். அந்த ஜீப்பின் புகை முழுக்கக் கித்தான் ஓட்டை வழியாக என் முகத்துக்கு வந்தது. பலகையிலிருந்து இரண்டு முறை கீழே விழுந்தேன். இறங்கின உடனே சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். காலையில் தின்ற களி முழுக்கப் போய்விட்டது.

அப்பா என் வாயைத் துண்டால் துடைத்துவிட்டு, "பாப்பா, கை வெய்யி" என்றார்.

நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"மச்சான், கொழந்த வாந்தி எடுத்ததுக்கு வண்டி இன்னா பண்ணும்?" என்று மாமா குதித்தார். கான்ட்ராக்டருக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. அப்பா ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "பாப்பா கை வெக்கல." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வழியில் பட்டாணி வாங்கித் தரச் சொல்லி அடம் பிடித்தேன், வாங்கியும் கொடுத்தார்.

அதற்கப்புறம் சித்திரை முழுக்க எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. அப்பா தினமும் பஸ் நிற்கிற இடத்துக்கு நாலு மைல் நடந்துபோய்க் கண்டக்டரிடமும் புளி வாங்க வருகிற வியாபாரிகளிடமும் கார் விசாரித்துவிட்டு, நாலு மைல் திரும்பி நடந்து வருவார். உழுவதற்கு மாடு இல்லை. பக்கத்துக் காட்டுக்காரர்கள் உழ ஆரம்பித்துவிட்டார்கள். அம்மாவின் வயிறு நாளுக்கு நாள் முன்னால் வந்துகொண்டிருந்தது. அவள் மட்டும் போன தடவை டோலி தூக்கின நாலு பேரிடமும் தனித்தனியாகப் போய், ஆடி மாசம் வெளியூர் வேலைக்குப் போய்விடாதீர்கள் என்று சொல்லி வைத்தாள்.

வைகாசியில் கண்ணமங்கலத்திலிருந்து தகவல் வந்தது. ஒரு ரைஸ்மில் முதலாளி தன் பழைய காரைத் தள்ளிவிடப் பார்க்கிறார். போனோம்.

பால் நிறம். உள்ளே சிவப்பு ரெக்ஸின் சீட்டு. கதவில் ஒரு கைப்பிடி, சுற்றினால் கண்ணாடி ஏறும், திருப்பிச் சுற்றினால் இறங்கும். எங்கள் வீட்டில் கண்ணாடி என்று இருந்தது அப்பா முகம் மழிக்கிற உள்ளங்கை அகலத்துத் துண்டு ஒன்றுதான். நான் உள்ளே ஏறிக் கதவைச் சாத்தச் சொன்னேன். சத்தம் அடங்கியது. புகை இல்லை. தலை சுற்றவில்லை. எலுமிச்சம்பழத்தைக் கையிலேயே வைத்திருந்தேன், மோந்து பார்க்கத் தோன்றவில்லை. நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அப்பா அப்படி ஏமாறுகிற ஆள் இல்லை. "பாரத்தோட எங்க மலை ஏறணும். ஏறி எங்க வூட்டு வாசல்ல நிக்கட்டும். அங்கதான் பணம்" என்றார். வண்டிமாட்டை ஏற்றத்தில் இழுக்கவிட்டுத்தான் வாங்க வேண்டும், சமதரையில் நோஞ்சான் மாடுகூட நடக்கும் என்பார். முதலாளி தயங்கவே இல்லை. இரண்டு மூட்டை தவிட்டை ஏற்றி, தன் டிரைவரையும், மில்லில் மூட்டை தூக்குகிற பெரிய மீசைக்காரர் ஒருவரையும் அனுப்பினார். மீசைக்காரர் காலடியில் ஒரு கருங்கல் இருந்தது. ஒரு பக்கம் சாய்வாக, மற்ற பக்கம் தட்டையாக, பூசணிக்காய் அளவு.

மலைப்பாதையில் தண்ணீர் ஊற்ற வண்டி நாலு இடத்தில் நின்றது. ஒவ்வொரு தடவையும் வண்டி நிற்பதற்கு முன்பே மீசைக்காரர் கல்லோடு குதித்து ஓடிப் பின்சக்கரத்தடியில் வைப்பார். அப்பா அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "பாத்தியா, வண்டி ஓட்டத் தெரிஞ்சவங்க" என்று மாமாவிடம் சொன்னார். மாட்டு வண்டியை ஏற்றத்தில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் வைப்பதுதானே முறை. வைக்காமல் விடுகிறவனைத்தான் எங்கள் ஊரில் திட்டுவார்கள். லாரியில் நாலு வருஷம் இருந்த மாமாவுக்காவது உறைத்திருக்க வேண்டும். அவர் முன்சீட்டில் எஞ்சின் சத்தத்துக்குத் தலையாட்டிக்கொண்டு, ஏற்கெனவே டிரைவராகிவிட்டிருந்தார்.

மூன்றாவது தடவை நின்றபோது அப்பாவும் மாமாவும் டிரைவரும் தண்ணீர் எடுக்க ஓடைக்குப் போனார்கள். நான் கண்ணாடியை இறக்கி மீசைக்காரரிடம் கேட்டேன். "எதுக்கு கல்லு வெக்கறீங்க?"

அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார். "வெக்கலன்னா ஓடிப்பூடும் பாப்பா. பிரேக்கு புடிக்கிறதில்ல இதுல." சொல்லிவிட்டுச் சிரித்தார். குழந்தையிடம் சொன்னது எங்கே போய்விடப் போகிறது என்ற சிரிப்பு. நானும் சிரித்தேன். கண்ணாடியை மறுபடி ஏற்றிக்கொண்டேன்.

வாசலில் வண்டி வந்து நின்றதும் ஊரே கூடிவிட்டது. அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெளியே வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். கல்லையும் பார்த்தாள்.

"ஏறிச்சு, சரி. எறங்கறப்ப எப்டி நிக்கும்?"

ஆம்பளைகள் அத்தனை பேரும் சிரித்தார்கள். "எறங்கறதுக்கு இன்னாம்மா, சும்மா வுட்டாலே எறங்கும்" என்று டிரைவர் சொன்னார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. அப்பாவும் சிரித்தார். தங்கச்சி போனதற்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"பாப்பா, கை வெய்யி."

மஞ்சளைக் கரைத்துத் தட்டில் வைத்திருந்தார்கள். நான் கையை முக்கி, அப்பா சொல்லி முடிப்பதற்குள் காரின் முன்மூடி மேல் பளீரென்று வைத்தேன். பால் நிறத்தில் ஐந்து விரலும் அப்படியே விழுந்தது. மில் ஆட்கள் பணத்தை வாங்கிக்கொண்டு கல்லை வாசலிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். "பாரு, கல்லக்கூட எட்துனு போவல. நல்ல மனுசனுங்க" என்றார் அப்பா.

கார் வந்துவிட்டது, பெட்ரோலுக்குப் பணம் இல்லை. பெட்ரோல் மலைக்குக் கீழேதான். மீதி இருந்ததில் ஒரு டின் வாங்கி வந்து, அம்மாவின் பிரசவத்துக்கு என்று கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டார் அப்பா. வேறு எதற்கும் ஒரு சொட்டு எடுக்கக் கூடாது. மாமா ஊருக்குள் சமதரையில் இரண்டே தடவை ஓட்டினார். "மூணு மிதி மிதிச்சாத்தான் புடிக்குது. பழைய வண்டின்னா அப்டித்தான். கீழ போறப்ப மெக்கானிக்கு கிட்ட காட்டிக்கலாம்" என்றார். கீழே போவது எப்போது? பிரசவத்துக்குத்தான்.

நான் தினமும் அந்தச் சிவப்பு சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். நாள் போகப் போக உட்கார முடியவில்லை. வாசலில் போகும்போதும் வரும்போதும் சக்கரத்தடியில் அந்தக் கல் இருக்கிறதா என்று பார்ப்பேன். காலால் தள்ளி இறுக்கி வைப்பேன். ஒரு நாள் அப்பா பின்னாலேயே காடு வரைக்கும் போனேன். "ப்பா" என்றேன். "இன்னா பாப்பா?" என்று திரும்பினார். "ஒண்ணுமில்ல." சொன்னால் காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்த ஜீப்பை வாங்கி வந்துவிடுவாரே. அதுதான் என் பயம், அதைவிடப் பெரிய பயம் எனக்கு அப்போது தெரியாது.

ஆடி இரண்டாவது வாரம். காலையிலிருந்து தூறல். அம்மாவுக்கு வலி கண்டது. டோலிக்காரர்கள் நாலு பேரும் மூங்கிலோடு வந்து நின்றார்கள். அப்பா அவர்களைப் பார்த்து, "அதான் காரு கீதே. நீங்க காட்டுக்குப் போங்கப்பா" என்றார். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், வலி வந்து அடைத்துவிட்டது. அவர்கள் போய்விட்டார்கள். பின்சீட்டில் அம்மா என் மடியில் தலை வைத்துப் படுத்தாள். என் காலடியில் கல்.

ஜமுனாமரத்தூரைத் தாண்டி இறக்கம் ஆரம்பித்தது. முதல் வளைவில் மாமா மிதித்தார். மறுபடி மிதித்தார். பிறகு மிதித்துக்கொண்டே இருந்தார். வண்டி வேகம்தான் எடுத்தது. "மச்சான், புடிக்கல! புடிக்கல மச்சான்!" என்று கத்திக்கொண்டு ஸ்டீரிங்கை மலைப் பக்கம் ஒடித்தார். பாறையில் உரசிக்கொண்டே போய் ஒரு மண்மேட்டில் மோதி நின்றது. எல்லோருக்கும் உயிர் இருந்தது. அப்பா பின்கதவைத் திறந்து என் காலடியிலிருந்த கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு வைத்தார்.

மாமா முதல் கியரில் மெதுவாக இறக்கலாம், மச்சான் கல்லோடு பக்கத்திலேயே ஓடி வரட்டும் என்றார். அப்பாவும் சரி என்றார். அம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

"கதவத் தொற. நான் நடந்தே போறேன்."

என் தோளைப் பிடித்துக்கொண்டு மழையில் நடந்தாள். பத்தடி நடப்பாள், வலி வந்தால் ரோட்டோரம் உட்காருவாள், எழுந்து மறுபடி நடப்பாள். பின்னால் அப்பா காரை விடவும் மனசில்லாமல் அம்மாவை விடவும் முடியாமல் இரண்டுக்கும் நடுவில் கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார். கடைசியில் கார் இன்னொரு வளைவில் சாய்ந்து நின்றுவிட்டது. மேலே போகிற பஸ் எங்களைத் தாண்டிப் போனது. அது ஜமுனாமரத்தூர் போய்த் திரும்பி வந்துதான் எங்களை ஏற்றிக்கொண்டது. வலி எடுத்து அரை நாள் ஆகியிருந்தது. டோலியில் போயிருந்தால் அதற்குள் ஆஸ்பத்திரியில் இருந்திருப்போம்.

ஆண் குழந்தை. மூச்சு இல்லை. "கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருக்கலாமே" என்று நர்சம்மா அப்பாவிடம் மெதுவாகத்தான் சொன்னார். அப்பா ஆஸ்பத்திரி வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் அந்தக் கல் இருந்தது. பஸ்ஸில் ஏறும்போது அதைக் கீழே போட அவருக்குத் தோன்றவேயில்லை. நான்தான் வாங்கி ஓரமாக வைத்தேன்.

காரை அந்த வளைவிலிருந்து பழைய இரும்புக்காரன் ஒருவன் வந்து இழுத்துக்கொண்டு போனான். ஜோடி மாடு மறுபடி வாங்க எங்களுக்கு ஆறு வருஷம் ஆனது. அப்பா சாகிறவரை மில்காரரைக்கூடத் திட்டவில்லை. "ஏறுதான்னு பாத்தேன். எறங்குமான்னு பாக்கல" என்று தன்னைத்தான் சொல்லிக்கொண்டார். என்னை ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை. கேட்கக் கூடாது, வழக்கம்.

அம்மாவின் கடைசி வருஷத்தில் அவளிடம் சொல்லிவிட்டேன். மீசைக்காரர் சொன்னது, நான் சிரித்தது, கண்ணாடியை ஏற்றிக்கொண்டது, எல்லாம். அழுதுவிட்டேன். அவள் என் தலையைத் தடவிக்கொண்டு, "அதுக்கா இத்தினி வருசம் வெச்சினு கெடந்த? நான் கேட்டதையே ஒருத்தரும் காதுல போட்டுக்கல. நீ சொல்லியிருந்தா மட்டும் கேட்டிருக்கப் போறாங்களா?" என்றாள்.

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். நானும் தலையை ஆட்டினேன். ஆனால் அம்மா செங்கத்துக்கு வரவில்லை, அந்த ஜீப்பிடமிருந்து அப்பா திரும்பி நடந்ததை அவள் பார்க்கவில்லை. அன்றைக்கு அந்த வாசலில் அத்தனை பேர் இருந்தும் அப்பா காத்துக்கொண்டு நின்றது என் ஒருத்திக்காகத்தான். நான் வாய் திறந்து ஒன்றும் சொல்லக்கூட வேண்டியதில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் போதும்.